1970களின் சின்ன டர்ட் பைக்: பின் ஸ்ப்ராக்கெட்டை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கொருக்குப்பேட்டையான்

வணக்கம். என் பெரியப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் காலத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஹோண்டா எக்ஸ்ஆர் 75 ஒன்று மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. முன்னால் 16 அங்குலச் சக்கரம், பின்னால் 14. கார்புரேட்டரைக் கழுவி, பாயின்ட் மாற்றியதும் இன்ஜின் உயிர் பெற்றுவிட்டது. பிரச்சினை பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடுகிற பின்பக்கப் பல்சக்கரத்தில். பற்கள் தேய்ந்து, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தித் திருகினால் செயின் பல்லைத் தாண்டிக் குதித்து 'டக்' என்று அடிக்கிறது.

சாலையில் ஓட்டுவதற்கில்லை. பழவேற்காடு போகும் வழியில் உறவினர் ஒருவருக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது, அதற்குள் ஓட்டத்தான். தரை முழுக்க மணல்.

மூர் மார்க்கெட், புதுப்பேட்டை இரண்டு இடத்திலும் விசாரித்துவிட்டேன். வண்டிப் பெயரைச் சொன்னதும் கடைக்காரர்கள் என்னைத்தான் பார்க்கிறார்கள், அலமாரியைப் பார்ப்பதில்லை. வெளிநாட்டு இணையக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டு மாடலுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். என் வண்டி எந்த ஆண்டு என்றே உறுதியாகத் தெரியவில்லை. வாங்கியது பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புகிற செலவில் இன்னொன்றே வாங்கலாம். எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஆர்எக்ஸ் பித்தன்

இதற்கு ஏன் வெளிநாடு? யமஹா ஆர்எக்ஸ் 100 ஸ்ப்ராக்கெட் ஒன்று வாங்குங்கள். பழைய ஸ்ப்ராக்கெட்டை அதன் மேல் வைத்து ஓட்டைகளைக் குறித்து, டிரில் போட்டு மாட்டுங்கள். 1996இல் வண்டியை நிறுத்திவிட்டார்கள், ஆனால் உதிரிபாகம் இன்றைக்கும் எந்தத் தெருவிலும் கிடைக்கிறது. அரை நாள் வேலை.

சோழவரம் பழசு

எக்ஸ்ஆர் 75 ஒன்று இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறது என்பதே காதில் தேன் பாய்கிறது. முதலில் படம் போடுங்கள், ஸ்ப்ராக்கெட் பேச்சு அப்புறம்.

வியாசை பட்டறை

பித்தன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓட்டையைக் குறித்து டிரில் போடுகிற அந்த யோசனையால்தான் என் பட்டறைக்கு வேலையே வருகிறது.

பின் ஸ்ப்ராக்கெட்டை அதன் இடத்தில் நிறுத்துவது போல்ட் இல்லை. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் வட்டமாக ஒரு மேடு இருக்கும். ஸ்ப்ராக்கெட்டின் நடுத்துளை அந்த மேட்டின் மேல் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். நடுத்துளை பெரிதாகிவிட்டால் ஸ்ப்ராக்கெட் மையத்தை விட்டு விலகிச் சுற்றும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்: ஓரிடத்தில் செயின் தொங்கும், அரைச்சுற்று போனால் விறைக்கும். விறைத்த இடத்துக்கு ஏற்பத் தளர்த்தினால் தொங்கும் இடத்தில் கழன்றுவிடும். தொங்குகிற இடத்துக்கு ஏற்ப இறுக்கினால் கியர்பாக்ஸ் பேரிங்குக்கு ஆபத்து.

நடுத்துளை சிறிதாக இருக்கிற ஸ்ப்ராக்கெட் வாங்கினால் லேத்தில் பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரிதாக இருப்பதைச் சிறிதாக்க முடியாது. வளையம் செருகலாம், ஆனால் அதைச் சரியாகச் செருகுகிற கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கொருக்குப்பேட்டைத் தம்பி, வண்டிப் பெயரை மறந்துவிடுங்கள். நாற்பது ஆண்டுக்கு மேலான வண்டியில் ஹப் அதன் சொந்த ஹப்தானா என்று யாருக்குத் தெரியும்? ஒரு வெர்னியர் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். ஹப் மேட்டின் விட்டம் எனக்கு வேண்டும். அதை ஹப்பிலேயே அளக்க வேண்டும், தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் வேண்டாம். பிறகு போல்ட் துளைகள் எத்தனை, ஒவ்வொன்றின் விட்டம், துளை மையங்கள் வழியாகப் போகிற துளைவட்டத்தின் விட்டம். நான்கு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளில் ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவே துளைவட்டம். மூன்று துளை என்றால் பக்கத்துத் துளைக்கு உள்ள தூரத்தை 1.155ஆல் பெருக்குங்கள், ஐந்து என்றால் 1.701ஆல். ஸ்ப்ராக்கெட்டின் தடிமன், அது தட்டையா அல்லது நடுவில் குழிந்ததா என்பதும் வேண்டும். குழிவை விட்டுவிட்டால் புதிய ஸ்ப்ராக்கெட் ஹப்பில் அழகாக உட்காரும், செயின் மட்டும் கோணலாக ஓடும்.

எண்ணூர்க்காரி

அண்ணா சொன்னதோடு முன் ஸ்ப்ராக்கெட்டையும் அளந்துவிடுங்கள். முக்கியமாக அதன் பல்லின் தடிமன். செயினின் பக்கத் தகட்டில் ஒரு எண் குத்தியிருக்கும், அதையும் எழுதுங்கள். இன்னொன்று: செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் மையத்திலிருந்து பத்தாவது பின்னின் மையம் வரை அளவுகோலால் பாருங்கள். தொடங்குகிற பின்னை எண்ணில் சேர்க்காதீர்கள்.

தண்டையார் தம்பி

குறுக்கே புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். செயினில் 420, 428 என்கிறார்களே, அது என்ன கணக்கு? என்னிடம் ஒரு பழைய மொபெட் இருக்கிறது, அதில் 415 என்று இருக்கிறது.

எண்ணூர்க்காரி

முதல் எண் பிட்ச். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே எட்டில் எத்தனை அங்குலம் என்று சொல்கிறது. 4 என்றால் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. 5 என்றால் எட்டில் ஐந்து, 15.875 மி.மீ.; 520, 530 எல்லாம் அந்த வகை, பெரிய வண்டிகளுக்கு. அடுத்த இரண்டு எண்கள் அகலத்துக்கு. 415இன் உள்ளகலம் 4.76 மி.மீ., 420இன் உள்ளகலம் 6.35, 428இன் உள்ளகலம் 7.94.

வம்பு எங்கே என்றால், இவை மூன்றுக்கும் பிட்ச் ஒன்றே. அதனால் 428 செயினை 420 ஸ்ப்ராக்கெட் மேல் போட்டால் போய் உட்கார்ந்துவிடும். பொருந்திவிட்டது என்றுதான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் பொருந்தவில்லை. செயின் பின்னைச் சுற்றி உருள்கிற உருளையின் விட்டம் 428இல் 8.51 மி.மீ., 420இல் 7.77 மி.மீ. பெரிய உருளை சின்னப் பள்ளத்தின் அடிவரை இறங்காமல் பல்லின் தோளில் தொங்கிக்கொண்டு ஓடும். பக்கவாட்டிலும் ஆடும். எதிர்த்திசையில் இந்த ஏமாற்று நடக்காது: 420 செயின் 428 ஸ்ப்ராக்கெட்டின் தடித்த பல்லுக்குள் நுழையவே நுழையாது.

உங்கள் மொபெட்டுக்கும் அதே எச்சரிக்கைதான். 415 கிடைக்கவில்லை என்று கடையில் 420 செயினை நீட்டினால், பிட்ச் சரியாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

கொருக்குப்பேட்டையான்

மண்ணடியில் ஒரு வெர்னியர் வாங்கினேன். அளந்தவை இதோ.

ஹப் மேடு 58.0 மி.மீ. பழைய ஸ்ப்ராக்கெட்டின் நடுத்துளை 58.4. நான்கு துளைகள், ஒவ்வொன்றும் 8.2. துளைவட்டம் 90. ஸ்ப்ராக்கெட் தட்டை, பல்லின் தடிமன் 7.1, மொத்தம் 43 பற்கள். முன்னால் 14 பற்கள், தடிமன் 5.8. செயினில் 428 என்று இருக்கிறது. பத்துப் பின் தூரம் 130.5 மி.மீ.

ஹப்பைப் பற்றிப் பட்டறை அண்ணா சந்தேகப்பட்டது சரி. ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றியபோது ஹப்பின் ஓரத்தில் பழைய துளைகளை வெல்டிங்கால் அடைத்த தழும்பு தெரிகிறது. எப்போதோ யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எண்ணூர்க்காரி

குட்டு வெளிப்பட்டுவிட்டது. முன்னால் 420 ஸ்ப்ராக்கெட், பின்னால் 428 ஸ்ப்ராக்கெட், இரண்டுக்கும் நடுவில் 428 செயின். பின் ஸ்ப்ராக்கெட் கிடைக்காத காலத்தில் யாரோ உள்ளூர் வண்டியின் ஸ்ப்ராக்கெட்டைத் தட்டிப் பொருத்தி, அதற்கேற்ற செயினைப் போட்டு, முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

செயினும் முடிந்துபோனது. பத்துக் கண்ணிக்குப் புதிதில் 127 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு சதவீதம் நீண்டு 129.5 ஆனாலே மாற்றிவிடுவது நல்லது. உங்களுடையது 130.5. இந்தச் செயினைப் புதிய ஸ்ப்ராக்கெட்டில் போட்டால் புதிய பற்களும் சீக்கிரமே பழைய பற்களின் கதிக்கு வந்துவிடும்.

ஆர்எக்ஸ் பித்தன்

அப்படியானால் என் பக்கம்தான் நியாயம். பின்னால் ஏற்கெனவே 428. நம்மூர்ச் சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் ஓடுவது 428தான். செயின் எந்தக் கடையிலும் கிடைக்கும், 420ஐ விட வலுவும் அதிகம். முன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் 428க்கு மாற்றிவிட்டால் முடிந்தது கதை.

வியாசை பட்டறை

எதை மாற்றுவது எளிது என்று யோசியுங்கள் தம்பி. பின் ஸ்ப்ராக்கெட் என்பது நடுவில் ஒரு வட்டத்துளையும் நான்கு போல்ட் துளையும் உள்ள தட்டு. எந்த அளவில் கேட்டாலும் செய்து கொடுக்கலாம். முன் ஸ்ப்ராக்கெட் அப்படியில்லை. அதன் நடுவில் கியர்பாக்ஸ் தண்டின் ஸ்ப்ளைனுக்குப் பொருந்துகிற பற்காடிகள் இருக்கின்றன. அதை உருவாக்க மின்கம்பியால் வெட்டுகிற வயர்கட் வேண்டும், தண்டைக் கழற்றாமல் அளவெடுக்க வேண்டும், எடுத்த அளவு சரியாக இருக்க வேண்டும், பிறகு கடினமாக்க வேண்டும். சற்றே ஆட்டம் இருந்தாலும் தேய்வது ஸ்ப்ராக்கெட் மட்டுமில்லை, தண்டும் தேயும். அந்தத் தண்டுக்கு எங்கே போவது?

ஆகவே முன்பக்கம் என்ன கிடைக்கிறதோ அதுதான் செயினை முடிவு செய்யும். செயின்தான் பின் ஸ்ப்ராக்கெட்டை முடிவு செய்யும். எல்லோரும் பின்னாலிருந்து தொடங்குகிறார்கள்.

எண்ணூர்க்காரி

அண்ணா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். வலுவைப் பற்றிப் பித்தன் சொல்வது தவறில்லை. ஆனால் இது 72 சிசி இன்ஜின். 420 செயினுக்கு இது ஒரு சுமையே இல்லை. கனமான செயினைச் சுற்றுவதற்கு இந்தச் சின்ன இன்ஜின் கொடுக்கிற பலம்தான் வீண்.

சோழவரம் பழசு

படம் இன்னும் வரவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் சோழவரம் பந்தயங்கள் நடந்த நாட்களில், சின்ன வண்டிக்காரர்களின் பையில் எப்போதும் பின் ஸ்ப்ராக்கெட் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். நேர்வழியின் முடிவுக்கு முன்பே இன்ஜின் கத்தி ஓய்ந்துவிட்டால் பல் குறைந்ததை மாட்டுவார்கள், வளைவிலிருந்து கிளம்பத் திணறினால் பல் கூடியதை மாட்டுவார்கள். இன்ஜினில் கை வைப்பதை விட இது மலிவு, இரவு முழுக்க விழிக்கவும் வேண்டாம். தம்பி மணலில் ஓட்டப்போகிறார் என்றால் 43 பல் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. பல் எண்ணிக்கையை இப்போதே யோசித்துவிடுங்கள்.

கொருக்குப்பேட்டையான்

படம் ஏற்றிவிட்டேன் ஐயா. பச்சைக் கோணிக்கு நடுவில் சிவப்பாகத் தெரிகிறதே, அது டேங்க்.

420க்கு மாறுகிறேன். இதே ஸ்ப்ளைனுக்கு 420இல் 13, 14, 15 பல் முன் ஸ்ப்ராக்கெட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. விலையும் தாங்கக்கூடியதுதான். மணலில் இரண்டாவது கியரில் இழுக்கத் திணறுகிறது, முதல் கியரில் போட்டால் சக்கரம் மண்ணைத் தோண்டுகிறது. முன்னால் 13 பல் வாங்கி, பின்னால் 43ஐயே வைத்துக்கொள்ளலாமா?

எண்ணூர்க்காரி

இழுவை கூடும். 43ஐ 14ஆல் வகுத்தால் 3.07, 13ஆல் வகுத்தால் 3.31. முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். மலிவான வழிதான்.

ஆனாலும் பின்னால் புதிதாகவே செய்யப் போகிறீர்கள் என்பதால் முன்பக்கத்தைச் சுருக்க வேண்டாம் என்பேன். செயின் ஸ்ப்ராக்கெட்டில் வட்டமாகச் சுற்றுவதில்லை, பலகோணமாகச் சுற்றுகிறது. பல் குறையக் குறைய அந்தக் கோணங்கள் கூர்மையாகும், செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்கும். 14 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் இரண்டரை சதவீதம், 13இல் கிட்டத்தட்ட மூன்று, 10இல் ஐந்து. ஒவ்வொரு கண்ணியும் அதிகக் கோணத்தில் மடங்குவதால் பின்களும் விரைவாகத் தேயும். 13 ஒன்றும் பாவமில்லை, அவசரத்துக்குப் போடலாம். வேறு வழி இருக்கும்போது எதற்கு?

பின்பக்கம் எத்தனை பல் என்பதற்கு இன்னும் இரண்டு அளவு வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை எவ்வளவு? பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் நீள்துளையில் அச்சை மிக முன்னே தள்ளினால் எவ்வளவு, மிகப் பின்னே இழுத்தால் எவ்வளவு?

கொருக்குப்பேட்டையான்

முன்னே தள்ளினால் 465, பின்னே இழுத்தால் 500. நீள்துளையின் நடுவுக்குச் சற்று முன்னே 480.

எண்ணூர்க்காரி

கணக்குப் போட்டுப் பார்த்தேன். செயின் சிரமமில்லாமல் கிடைப்பது இரட்டைப்படைக் கண்ணிகளில்தான். ஒற்றைப்படை வேண்டுமென்றால் அரைக்கண்ணி போட வேண்டும். அது செயினிலேயே பலவீனமான இடம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

480 தூரத்தில் 14க்கு 45 என்றால் 105.7 கண்ணி வருகிறது. 106 கண்ணிச் செயின் போட்டால் அச்சு 482இல் நிற்கும். 46 பல் என்றால் 106.3, அதே 106 கண்ணியில் அச்சு 478க்கு வரும். 47 பல் என்றால் 106.8 ஆகிவிடுகிறது. 106 கண்ணியில் போட்டால் அச்சு 475க்குப் போகும். அதிலும் ஓடும், ஆனால் உங்கள் படத்தில் டயருக்கும் ஸ்விங் ஆர்மின் குறுக்குத் தண்டுக்கும் நடுவே விரல் நுழைகிற இடம்தான் தெரிகிறது. 108 போட்டால் 487.5.

அச்சு எங்கே நிற்கிறது என்பது ஏன் முக்கியம் என்றால், செயின் நீளும். 106 கண்ணிச் செயினின் நீளம் 1346 மி.மீ. அது இரண்டு சதவீதம் நீண்டால் 27 மி.மீ. கூடும். அதை எடுக்க அச்சு அதில் பாதி, பதின்மூன்றரை மி.மீ. பின்னே போக வேண்டும். 482இல் தொடங்கினால் 500 வரை 18 மி.மீ. இடம் இருக்கிறது, செயினின் ஆயுள் முழுவதும் போதும். 487.5இல் தொடங்கினால் பன்னிரண்டரைதான் இருக்கிறது. செயின் தேய்ந்து முடிவதற்கு முன்பே நீள்துளை முடிந்துவிடும்.

மனக்கணக்காக வைத்துக்கொள்ள வேண்டுமானால், அதே செயினில் பின்னால் ஒரு பல் கூட்டினால் அச்சு 3 மி.மீ.க்குச் சற்று மேல் முன்னே வரும்.

45க்கும் 46க்கும் நடுவில் நான் 45ஐத் தேர்ந்தெடுப்பேன். ஒற்றைப்படைப் பல் என்பதால் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் உள்கண்ணியையும் அடுத்த சுற்றில் வெளிக்கண்ணியையும் சந்திக்கும், தேய்மானம் பரவலாக விழும். இழுவை 3.07லிருந்து 3.21 ஆகிறது.

ஆர்எக்ஸ் பித்தன்

ஒற்றைப்படை, இரட்டைப்படை எல்லாம் காகிதத்தில்தான் அக்கா. மணலில் ஓடுகிற வண்டிக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

எண்ணூர்க்காரி

மணலில் மணல்தான் தேய்க்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 45 போடுவதற்கும் 46 போடுவதற்கும் ஒரே விலைதானே?

தண்டையார் தம்பி

அலுமினியத்தில் செய்தால் எடை குறையுமே? பந்தய வண்டிகளில் எல்லாம் அலுமினியம்தானே?

வியாசை பட்டறை

பந்தயக்காரர் ஒரு பருவத்துக்கு ஒன்று வாங்குவார், அவருக்குக் கட்டுப்படியாகும். 7075 வகை அலுமினியம் நல்ல பொருள்தான். ஆனால் இங்கே இரண்டு பகை இருக்கிறது. மணல் ஒன்று: எண்ணெய் பூசிய செயினில் மணல் ஒட்டினால் உப்புத்தாள் வைத்து இழைத்த மாதிரி அலுமினியம் கரைந்துவிடும். கடற்காற்று இன்னொன்று: இரும்பு போல்ட்டும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து, போல்ட் துளையில் ஒட்டிக்கொள்ளும். திருவொற்றியூரிலிருந்து காசிமேடு வரைக்கும் எந்த வண்டியின் அலுமினியத்தை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்.

இரும்பிலேயே செய்யலாம். சாதாரண மைல்டு ஸ்டீல் வேண்டாம், சி45 தகடு கேளுங்கள். அதில் கார்பன் 0.45 சதவீதம் அளவில் இருப்பதால் பற்களை மட்டும் கடினப்படுத்த முடியும். 6 மி.மீ. தகட்டை எடுத்து 5.8க்கு முகம் சீவினால் 420க்குச் சரி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேசர்கட், வயர்கட் இரண்டும் செய்கிறார்கள். ஒற்றை ஸ்ப்ராக்கெட்டுக்கு வயர்கட் கேளுங்கள், நேரம் பிடிக்கும், ஆனால் விளிம்பு சுத்தமாக வரும். வெட்டி முடித்ததும் லேத்தில் ஏற்றிப் பற்களின் இருபக்க விளிம்பையும் சரிவாகச் சீவ வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சரிவு இல்லாத பல்லில் செயின் ஏறும்போதெல்லாம் உள்தகடு உரசும்.

போல்ட் துளைகளை 8.2 என்றே சொல்லுங்கள். நடுத்துளையை 58.05க்கு மேல் விடாதீர்கள்.

சோழவரம் பழசு

பழைய ஸ்ப்ராக்கெட்டின் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு, புதிய பல்வளையத்தை அதைச் சுற்றி வெல்டிங் செய்வார்களே, அது இப்போதும் நடக்கிறதா?

வியாசை பட்டறை

நடக்கிறது ஐயா, நானும் செய்திருக்கிறேன். நடுப்பகுதியில் ஒரு படி கடைந்து, வளையம் அதில் இறுக்கமாக உட்காரும்படி செய்து, எதிரெதிர்ப் பக்கமாகச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பற்ற வைத்தால் நிற்கும். ஒரே மூச்சில் சுற்றிப் பற்ற வைத்தால் தட்டு கிண்ணமாக வளைந்துவிடும். குழிவுள்ள ஸ்ப்ராக்கெட்டுக்கு இன்றும் அது நல்ல வழி. தம்பியுடையது தட்டை, அதற்கு இந்தப் பாடு தேவையில்லை.

எண்ணூர்க்காரி

வயர்கட்காரருக்குக் கொடுக்கிற வரைபடத்துக்கு அளவுகள்: பிட்ச் வட்டம் 182.06 மி.மீ. அடிவட்டம் 174.3. வெளிவட்டம் 188 போதும். பல்லடி வளைவின் ஆரம் 3.92. 428க்கான வரைபடத்தை வைத்துப் பல் எண்ணிக்கையை மட்டும் மாற்றி வெட்டிவிடப் போகிறார்கள், உருளை 7.77 என்று தாளிலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள். இரண்டு செயினுக்கும் பிட்ச் வட்டம் ஒன்றே என்பதால் வெட்டி முடித்த பிறகும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

கொருக்குப்பேட்டையான்

ஸ்ப்ராக்கெட் வந்துவிட்டது. பற்களைக் கடினப்படுத்தியதில் பல் ஓரம் மட்டும் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கிறது, நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கிறது. ஹப்பில் கையால் அழுத்தியதும் கடைசி ஒரு மி.மீ. மட்டும் நிற்க, மரச்சுத்தியால் லேசாகத் தட்டியதும் 'தப்' என்று இறங்கி உட்கார்ந்தது. முன் ஸ்ப்ராக்கெட்டும் 420 செயினும் தபாலில் வந்தன. 106 கண்ணிக்கு வெட்டிக்கொண்டேன். அச்சு கிட்டத்தட்ட அக்கா சொன்ன இடத்தில்தான் நிற்கிறது.

ஒரு சந்தேகம். எஃகு அளவுகோலைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் வைத்து முன்னே நீட்டிப் பார்த்தால், முன் ஸ்ப்ராக்கெட்டின் முகத்துக்கும் அளவுகோலுக்கும் இடையே அரை மி.மீ.க்கும் குறைவான இடைவெளி. பின் ஸ்ப்ராக்கெட் அந்த அளவுக்கு வெளியே நிற்கிறது. இதற்கு ஹப்பைக் கடைய வேண்டுமா?

வியாசை பட்டறை

வேண்டாம். அரை மி.மீ.யைச் செயின் பொறுத்துக்கொள்ளும். பழைய 7.1 தட்டு இருந்தபோது நடுக்கோடு இன்னும் 0.65 வெளியே இருந்திருக்கும், அதனால் இப்போது முன்னைவிடச் சரியாகத்தான் இருக்கிறது. அச்சை இறுக்கும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஸ்விங் ஆர்மில் குத்தியிருக்கிற கோடுகளை நம்பாதீர்கள், ஸ்விங் ஆர்ம் முனையிலுள்ள போல்ட் மையத்திலிருந்து அச்சு மையம் வரை இருபக்கமும் அளவெடுங்கள்.

போல்ட்டுக்கு அடியில் மடக்குகிற தகடு வாஷர் புதிதாகப் போடுங்கள். பழையதை நிமிர்த்தித் திரும்ப மடக்கினால் ஒடிந்துவிடும்.

சோழவரம் பழசு

செயின் இணைப்புக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஒரு சுள்ளி பட்டாலே கழன்று போகும். சவுக்குத் தோப்பில் சுள்ளிக்குப் பஞ்சமா?

தண்டையார் தம்பி

மணலுக்கு எந்த எண்ணெய் போடுவது? கிரீஸ் போடலாமா?

எண்ணூர்க்காரி

கிரீஸ் வேண்டவே வேண்டாம், மணல் அப்பிக்கொள்ளும். மெழுகு வகை ஸ்ப்ரே அடித்து, அது உலர்ந்த பிறகு வண்டியை எடுங்கள். ஓட்டி முடித்ததும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் துடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். எண்ணெய் போடும்போது பின்சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியால் செயினைப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி ஸ்ப்ராக்கெட்டுக்குள் போனால் விரலும் கூடவே போகும்.

ஆர்எக்ஸ் பித்தன்

சரி, ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனாலும் கேட்கிறேன். அந்த வரைபடத்தை இங்கே ஏற்றுவீர்களா? என்னிடம் ஒரு பழைய டிரெயில் வண்டியின் ஹப் இருக்கிறது. துளைவட்டம் 90தான், மேடு மட்டும் 56.

கொருக்குப்பேட்டையான்

ஏற்றிவிட்டேன். நடுத்துளையை மட்டும் 56.05 என்று திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் முன் ஸ்ப்ராக்கெட்டின் பல் தடிமன் என்ன என்று சொல்லுங்கள்.